விதைப்பிலிருந்து சதுர மீற்றருக்கு: யாழ்ப்பாணக் குடாநாட்டு நில அளவைகளும் நிலவுறவுகளும்

1. தோற்றுவாய்

நில அளவைகள் பற்றிய ஆய்வு பொதுவாக இரு துறையினர்க்கு உரியதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. நில அளவையாளரும் நொத்தாரிசுகளும் அதனைக் கணக்குப் பிரச்சினையாக நோக்குவர். சாசனவியலாளர் சொற்பொருட் பிரச்சினையாக நோக்குவர். இவ்விரு நோக்குகளும் தேவையானவையே. ஆனால் ஓர் அளவை எத்தகைய உற்பத்தி முறையில் தோன்றியது, அதனை யார் கையாண்டனர், அது வேறோர் அளவையாக மாற்றப்படும்போது யார் எதனைப் பெற்றனர், யார் எதனை இழந்தனர் என்னும் வினாக்கள் இவ்விரு நோக்குகளுக்கும் வெளியே நின்று விடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு, குழி என்னும் அளவைகளைச் சதுர மீற்றருக்கும் அதனிலும் சிறிய அலகுகளுக்கும் மாற்றும் கணக்கினை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது ஏட்டுப் பிரச்சினை அன்று. போரினால் இடம்பெயர்ந்து மீண்டோர் பலரிடம் எஞ்சியிருப்பது பழைய உறுதி ஒன்றே. அவ்வுறுதியில் நிலம் பரப்பிலும் குழியிலும் உள்ளது. அரசின் வரைபடத்தில் அதே நிலம் ஹெக்டெயரில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையிலான பாலமாக ஒரு பெருக்கற் கணக்கு மட்டுமே நிற்கின்றது. அக்கணக்கு எவ்வளவு உறுதியானது என்பதை ஆராய்தல் அவசியமாகின்றது.

2. சொல்லும் பொருளும்

தமிழகத்தில் ‘காணி’ என்பது ஓர் அளவு. எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னப் பெயருமாகும். யாழ்ப்பாணத்திலோ ‘காணி’ என்பது நிலத்திற்கான பொதுப் பெயராகி விட்டது. இதற்கு மாறாக, எங்கும் பொதுச் சொல்லாக வழங்கும் ‘பரப்பு’ என்பது யாழ்ப்பாணத்தில் வரையறையான அளவின் பெயராயிற்று. அளவின் பெயர் பொதுப் பெயரானதும் பொதுப் பெயர் அளவானதும் ஆகிய இம்மாற்றம், குடாநாட்டின் நிலவுடைமை தமிழகத்து ஆற்றுப்படுகைகளின் நிலவுடைமையிலிருந்து வேறுபட்ட அளவில் இயங்கியதென்பதற்குச் சொல் தரும் சான்றாகலாம். வேலிக்கணக்கில் நிலம் பேசப்பட்ட தஞ்சை எங்கே, அரைப் பரப்புக்கு வழக்காடும் வலிகாமம் எங்கே! யாழ்ப்பாணத்தில் ‘வேலி’ என்றால் கதியால் நட்டு ஓலை கட்டிய எல்லைதான்.

பரப்புக்கு இலாச்சம் என்றொரு பெயரும் உண்டு. உறுதிகளில் இலாச்சம் தனித்து வருவதில்லை. அது வரகு விதைப்போ நெல் விதைப்போ என்னும் குறிப்போடு வரும். ஆங்கில உறுதிகள் இவற்றை முறையே வி.சி., பி.சி. என்னும் எழுத்துக்களாற் சுருக்கி எழுதின. வரகு விதைப்பாயின் 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைப்பாயின் 12 குழி ஒரு பரப்பு. 24 பரப்பு ஓர் ஏக்கர். எம்முறையிற் கணக்கிடினும் ஏக்கருக்கு 288 குழிகளே வரும். ஆகவே குழி மாறாதது, பரப்பே மாறுவது. தோட்டமும் குடியிருப்பு வளவும் வரகுக் கணக்கினுள் அடங்க, வயல் நெற்கணக்கினுள் அடங்கிற்று.

ஒரே பெயர் இரு அளவுகளைச் சுட்டுவதன் காரணம் விதையிற் கிடக்கின்றது. நிலத்தின் நீள அகலத்தை அன்றி, அதற்கு வேண்டிய விதையைக் கொண்டு நிலம் மதிக்கப்பட்ட காலத்தின் எச்சம் இது. வரகு சிறு தானியம், ஐதாக விதைக்கப்படுவது. ஆதலின் ஒரே அளவு விதை வரகாயின் கூடிய நிலத்தையும் நெல்லாயின் குறைந்த நிலத்தையும் மூடும். அவ்வேறுபாடே மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதமாக நிலைபெற்றது. இம்முறை யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று. சிங்களப் பிரதேசங்களின் அமுண, பெல, லாஹ என்பனவும் விதைப்பளவுகளே; ஓர் அமுணவுக்கு நான்கு பெல, நாற்பது லாஹ. மூலதனத்தின் முதலாம் பாகத்தில் பண்டத்தின் மாயத்தன்மை பற்றி எழுதுமிடத்து, பண்டைய ஜெர்மானியர் நிலத்தை ஒரு நாள் வேலை என்பதால் அளந்தமையை மார்க்ஸ் அடிக்குறிப்பொன்றிற் சுட்டுகின்றார். விதையால் அளப்பதும் வேலை நாளால் அளப்பதும் ஒரே வகையின. நிலம் விற்பனைப் பண்டமாக முழுமையடையாத நிலையில், அதன் பயன்மதிப்பே அதன் அளவுமாகின்றது.

3. பின்னங்களின் நுண்மை: ஒரு சோழர் காலச் சான்று

நுண்ணளவு என்பது மெற்றிக் முறைமையோடு வந்ததெனக் கொள்ளுதல் தவறு. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001 அளவில் நடந்த நில அளவையின் விளைவாக, வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டமையைச் சாசனவியலாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320ஐ நான்கு முறை தம்முட் பெருக்கி மேலும் ஐந்தாற் பெருக்கின் இப்பேரெண் கிடைக்கும். இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஓர் ஏக்கர் என்னும் பிற்காலத் தஞ்சை வழக்கைக் கொண்டால் வேலி ஏறத்தாழ 27,000 சதுர மீற்றர் ஆகும். அப்பின்னம் அரைச் சதுர மில்லிமீற்றர் அளவினது. ஒரு கடுகின் முகப்பிலும் சிறியது.

எந்தக் கோலாலும் இதனை நிலத்தில் அளந்திருக்க முடியாது. ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சியதை இறை கட்டும் நிலமாக எழுதியபோது கணக்கில் விழுந்த மீதியே அது. நுண்மை இங்கு நிலத்தின் பண்பன்று, அது வரித்திணைக்களத்தின் பண்பு. அரசு எதனையும் விட்டுக்கொடாது என்னும் அதிகாரக் கூற்றே பின்ன வடிவிற் பொறிக்கப்பட்டது. எண்ணின் நுண்மையை நீதியின் நுண்மையென மயங்கலாகாது என்னும் பாடத்தை இதனின்றும் பெறுகின்றோம்.

தஞ்சை வழக்கில் நூறு குழி ஒரு மா. அக்கணக்கிற் குழி ஏறத்தாழ 145 சதுர அடி. யாழ்ப்பாணக் குழி 151.25 சதுர அடி. பன்னிரண்டு அடிச் சதுரம் என்னும் எண்ணத்தைச் சுற்றியே இரண்டும் நிற்கின்றன. மேலளவுகள் பிரிந்து சென்ற போதும் அடியளவு ஒன்றையொன்று ஒட்டியே இருந்துள்ளது.

4. தோம்பு, சங்கிலி, ஏக்கர்

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் நிலங்களைத் தோம்புகளிற் பதிந்தனர். வரி அறவிட வேண்டிய ஆட்சிக்கு இன்ன நிலம் இன்னாருடையது என்னும் பதிவு வேண்டியிருந்தது. 1706இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்து வகைகளையும், ஒற்றி, ஈடு முதலிய உறவுகளையும், உரித்தாளரும் பங்காளிகளும் கொண்ட முன்வாங்கும் உரிமையையும் எழுத்தாக்கிற்று. அதே தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது. நிலத்தை உடையோர், நிலத்தோடு சேர்த்துக் கைமாறக்கூடியோர் என இரு சாரார் அதில் உளர். விதைப்பளவு என்னும் சொல்லினுள்ளே விதைத்த கை யாருடையது என்பது எழுதப்படவில்லை. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே.

பிரித்தானியர் 1800இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தனர். அறுபத்தாறு அடிச் சங்கிலியும், ஏக்கர், றூட், பேர்ச் என்னும் அளவுகளும் அவர்களோடு வந்தன. ஓர் ஏக்கர் 160 பேர்ச். எனவே தோட்டப் பரப்பு சரியாகப் பத்துப் பேர்ச். மண்ணின் வளத்தையும் விதைக்கும் கையையும் பொறுத்து மாற வேண்டிய ஒரு விதைப்பளவு, இங்கிலாந்தின் கோலுக்கு மீதியின்றிப் பத்தாக வகுபடுவது இயற்கையாக நேர்ந்திருக்க முடியாது. பழைய பெயரை வைத்துக்கொண்டு அதன் உள்ளீட்டை ஏக்கரோடு பொருத்தியதன் விளைவே இம்முழு எண்கள் என்று கொள்வதே பொருத்தமுடையது. பழைய பின்னவாய்பாட்டிற் கூறுவதாயின், பரப்பு ஏக்கரின் மாகாணி ஆயிற்று. பெயர் விதையினுடையது, அளவு சங்கிலியினுடையது. காலனித்துவம் பழைய வடிவங்களை அழிக்காது தன் தேவைக்கு அமைத்துக்கொண்ட பல துறைகளில் இதுவும் ஒன்றாகும்.

நிலம் பண்டமாவதற்கு இத்தகைய மாற்றம் இன்றியமையாதது. ஊரறியாத ஒருவர் நிலத்தைக் காணாமலே விலை பேசுவதற்கும், ஈட்டின் மீது பணம் கொடுப்பதற்கும் எங்கும் மாறாத அளவு வேண்டும். ஆயின் உழைப்பு நிகழும் இடத்திற் பழைய அளவை முற்றாக மறைந்து விடுவதில்லை. தோட்டக்காரர் புகையிலையைக் கன்றின் எண்ணிக்கையாலும் விதை வெங்காயத்தை அந்தராலும் பேசிய வழக்கு, பயன்மதிப்பால் அளக்கும் அப்பழைய தர்க்கத்தின் தொடர்ச்சியே.

5. மெற்றிக் கணக்கு

1970களில் இலங்கை மெற்றிக் முறைமைக்கு மாறத் தொடங்கிற்று. நில அளவை வரைபடங்களில் ஹெக்டெயர் இடம்பெறலாயிற்று. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழான வரைபடங்களும் ஹெக்டெயரையே கொண்டுள்ளன. இம்மாற்றத்தின் கணக்கு வருமாறு:

ஓர் ஏக்கர் 4,046.86 சதுர மீற்றர்.
தோட்டப் பரப்பு 252.93 சதுர மீற்றர்.
வயற் பரப்பு 168.62 சதுர மீற்றர்.
ஒரு குழி 14.0516 சதுர மீற்றர்; அதாவது 140,516 சதுர சென்ரிமீற்றர்.

ஹெக்டெயரைத் தசமத்தின் பின் நான்கு இடங்களுக்கு எழுதினால், எழுதக்கூடிய மிகச் சிறிய அளவு ஒரு சதுர மீற்றராகும். ஒரு குழி 0.0014 ஹெக்டெயர் என்று எழுதப்படும். 516 சதுர சென்ரிமீற்றர் விடுபடும். அது இரு உள்ளங்கைகளை விரித்து வைத்தாற் போன்ற இடமே. ஆனால் குழியை முதலில் மாற்றி, அவ்விடையைப் பெருக்குபவர் பதினெட்டுக் குழிக்கு 0.0252 என்று பெறுவார். பரப்பை நேரே மாற்றுபவர் 0.0253 என்று பெறுவார். 288 குழிக்கு முன்னவர் பெறுவது 0.4032 ஹெக்டெயர், உண்மையில் இருக்க வேண்டியது 0.4047. வேறுபாடு ஏறத்தாழப் பதினைந்து சதுர மீற்றர். அதாவது ஓர் ஏக்கரில் ஒரு குழிக்கு மேல், யாரும் வேலியை நகர்த்தாமலே, தாளில் மறைந்து விடுகின்றது.

இதனிலும் பெரிய தவறு விதைப்புக் குறிப்பு விடுபடுவதால் நேர்வது. ‘மூன்று பரப்பு’ என்று மட்டும் படியெடுக்கப்பட்ட ஓர் உறுதி தோட்டக் கணக்கில் 758.8 சதுர மீற்றர். வயற் கணக்கில் 505.9 சதுர மீற்றர். இடைவெளி முழுதாக ஒரு தோட்டப் பரப்பு. தசமத்தின் நான்காம் இடத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் ஒரு சொல்லை விட்டுவிட்டால், அவர்களது கவலையால் எப்பயனும் இல்லை.

இந்நுண்ணளவுகள் நடைமுறையில் எத்தகையவை என்பதை எல்லை வேலியைக் கொண்டு உணரலாம். சதுரமான ஒரு பரப்புக் காணியின் பக்கம் 52 அடிக்குச் சற்று மேல். அதன் ஒரு பக்கத்துக் கதியால்களை ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குலம், உள்ளே தள்ளி நட்டால் இழக்கப்படுவது 3.6 சதுர மீற்றர். அது கால் குழிக்கும் கூடுதலாகும். குடாநாட்டின் வேலிச் சண்டைகளை அற்ப மனத்தின் விளைவாகச் சித்திரித்து நகையாடும் மரபு எமது எழுத்தில் உண்டு. நீர் இறைத்து, பட்டியடைத்து, தழை தாழ்த்து, தலைமுறை தலைமுறையாகச் செம்பாட்டு மண்ணைப் பண்படுத்தியவர்க்குக் கால் குழி என்பது உறைந்த உழைப்பாகும். அதன் விலையும் அவ்வாறே. நகைப்புக்குரியது அம்மனமன்று, அம்மனத்தை உருவாக்கிய நிலப்பற்றாக்குறையே ஆராய்ச்சிக்குரியது.

6. பங்கு என்னும் அருவம்

குழியினுஞ் சிறிய அளவுகளை உண்டாக்குவது மெற்றிக் முறைமையன்று, வாரிசுமுறையே. எடுத்துக்காட்டாக, நான்கு பரப்புத் தோட்டமொன்று பிரிபடாது ஐந்து பிள்ளைகளுக்கும், அவருள் ஒருவரது பங்கு நான்கு பிள்ளைகளுக்கும், அவருள் ஒருவரது பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சேருமாயின், மூன்றாந் தலைமுறையில் ஒருவருக்குரியது அறுபதில் ஒன்று. 72 குழியில் அறுபதில் ஒன்று 1.2 குழி, 16.86 சதுர மீற்றர். அதன் மேல் ஒரு துலாவையும் நட முடியாது. உறுதி எழுதப்படும்போது கிணற்றிலும், வழி வாய்க்காலிலும், பயன்தரு மரங்களிலும் அதே பங்கு எழுதப்படும். கிணற்றின் அறுபதில் ஒன்று என்பது இடமன்று, அது இறைப்பு முறையில் ஒரு நாள். நிலத்தின் பங்கைச் சதுர மீற்றராக்கும் கணக்கு, நீரின் பங்கை எவ்வாறு மாற்றும்? அது காலம், பரப்பன்று. கூட்டுடைமையின் இவ்வெச்சத்தை வரைபடம் காட்டுவதில்லை.

7. அளவும் சட்டமும் வர்க்கமும்

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலைபேறான உரிமை வழங்க முயன்றது. பிலிப் குணவர்த்தனாவின் பெயரோடு இணைந்த அச்சட்டம் முற்போக்கான ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆனால் அது நெற்காணிக்கே உரியது. குடாநாட்டின் செல்வம் தோட்டத்திலிருந்தது. புகையிலை, வெங்காயம், மிளகாய் விளைந்த குத்தகைத் தோட்டங்கள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. நெல் விதைப்பு, வரகு விதைப்பு என்று பழைய உறுதியில் விதையால் உண்டான பிரிவு, இவ்வாறு பாதுகாப்புப் பெற்ற உழவன், பெறாத உழவன் என்னும் பிரிவாகவும் ஆகிவிட்டது.

1972ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு ஐம்பது ஏக்கரை உச்சவரம்பாக்கிற்று. நெற்காணிக்கு இருபத்தைந்து ஏக்கர். ஐம்பது ஏக்கர் என்பது 800 தோட்டப் பரப்பு. இருபது பரப்பு உடையவரைத் தனவந்தராகக் கருதிய ஊர்களில் அவ்வரம்பு யாரைத் தொடும்? பெருந்தோட்டப் பிரதேசத்தின் அளவுகோலால் வகுக்கப்பட்ட சட்டம், பரப்புக் கணக்கில் இயங்கிய ஆதிக்கத்தைக் காணவே இல்லை. இங்கு நிலக்குவியலின் அளவைவிட நிலமின்மையே ஆதிக்கத்தின் அச்சாணியாயிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் குடியிருந்த வளவும் பிறருடையது. கூலியுயர்வு கேட்டாலும், தேநீர்க்கடையிற் சமமாக இருந்தாலும், குடியெழுப்பும் அச்சுறுத்தல் எதிர்நின்றது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், அதனைத் தொடர்ந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் போராட்டங்களையும் இப்பின்னணியிலிருந்து பிரித்து நோக்க முடியாது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் நாவலாக வெளிவந்தபோது, உறுதிகளும் தோம்புகளும் எழுதாது விட்ட மாந்தர் இலக்கியத்தில் இடம்பெற்றனர்.

8. ஒரே அளவைக்கான வேட்கை

இவ்வாறு கூறுவதனால் பழைய அளவைகளைப் போற்றி மெற்றிக் முறைமையை எதிர்க்கின்றோம் எனக் கொள்ளலாகாது. போலந்து வரலாற்றறிஞர் விற்றோல்ட் குலா, அளவைகளும் மனிதரும் பற்றி 1970இல் வெளியிட்ட நூலில், நிலமானிய ஐரோப்பாவில் அளவை பிரபுவின் ஆயுதமாய் இருந்தமையை விரிவாகக் காட்டினார். 1789இல் பிரெஞ்சு மக்கள் முன்வைத்த முறையீடுகளில் அளவை ஒருமைப்பாடும் ஒரு கோரிக்கை. 1795இல் மெற்றிக் முறைமை சட்டமானது புரட்சியின் பேறுகளில் ஒன்று. எவர்க்கும் ஒரே அளவு என்பது, எவர்க்கும் ஒரே சட்டம் என்பதைப் போன்றே பூர்சுவா ஜனநாயகத்தின் உண்மையான முன்னேற்றம். அதன் எல்லையும் அதுவே: அளவு சமமாகும், உடைமை சமமாகாது.

அண்மைக் கால வரலாறு இவ்வெல்லையைத் தெளிவாக்கிற்று. வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; உயர்பாதுகாப்பு வலயம் உருவாயிற்று. 2013 ஏப்பிரலில் அப்பகுதியில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன, முழுமையாக அன்று. 6,381 ஏக்கர் என்பது அரசின் மொழி. அதனைப் பதினாறாற் பெருக்கினால் ஓர் இலட்சத்து இரண்டாயிரம் பரப்புக்கு மேல் வரும். இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று உறுதி வைத்திருந்தோரின் மொழி அது. ஏக்கரிற் கேட்கும்போது ஒரு வெட்டவெளி தோன்றுகின்றது. பரப்பிற் கேட்கும்போது வளவுகளும் கிணறுகளும் குடும்பங்களும் தோன்றுகின்றன. அளவு மாற்றம் கருத்துநிலையில் நடுநிலையானதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை முன்வைக்கலாம். உறுதியின் அளவை மாற்றும்போது விதைப்புக் குறிப்போடு கூடிய மூல அளவையும் உடன் எழுதப்பட வேண்டும். முழு நிலத்தையும் ஒரே முறையில் மாற்ற வேண்டும். குழி குழியாக மாற்றிப் பெருக்கலாகாது. பிரிபடாப் பங்கு பின்னமாகவே பதியப்பட வேண்டும். அதனைச் சதுர மீற்றராக்குதல் இல்லாத ஓரிடத்தை இருப்பதாகக் காட்டும். கிணற்று முறையும் வழி வாய்க்கால் உரிமையும் வரைபடத்தின் இணைப்பாகவேனும் இடம்பெற வேண்டும். இவை நில அளவையாளரும் நொத்தாரிசுகளும் மேற்கொள்ளக்கூடியவை.

ஆனால் எஞ்சும் பிரச்சினை அவர்களாற் தீர்க்கப்படக்கூடியதன்று. தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் விதைத்தோரிடமும், முகாம்களிலிருந்து மீள ஊரில் வளவின்றி நின்றோரிடமும் மாற்றுவதற்கு உறுதியே இல்லை. அவர்களது நிலம் பரப்பிலும் பூச்சியம், ஹெக்டெயரிலும் பூச்சியம். குடாநாட்டின் நில வரலாற்றை எழுத முற்படுவோர் உறுதிகளிலிருந்து மட்டும் தொடங்குவராயின் அப்பூச்சியம் வரலாற்றினுள்ளும் நுழைந்து விடும். ஆகவே உறுதியோடு குத்தகைக் கணக்கும், கூலிக் கணக்கும், வாய்மொழிச் சாட்சியமும் சேகரிக்கப்பட வேண்டும். இப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்பட வேண்டியதொன்றாகும்.